ஏழு மதிப்பெண் கருணை

எங்கள் தெருவில் இருக்கும் மருத்துவ நுட்பக் கல்லூரியைப் பற்றிப் புறணி பேச எனக்கு ஆசை கிடையாது. ஆனால் அதன் வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது மனிதரால் ஆகிற காரியமில்லை. அங்கே எது நடந்தாலும் மூன்று பிரதி வேண்டும். கல்லூரியின் சொந்த இயந்திரம் போன ரமலானுக்கு முந்திய ரமலானில் நின்றுபோனது. அதைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்று முடிவெடுக்கும் குழுவுக்கு இன்னும் தலைவர் கிடைக்கவில்லை. ஆகவே விடுப்புக் கடிதம் முதல் விசாரணைக் குறிப்பு வரை எல்லாக் காகிதமும் என் கடைக் கண்ணாடியில் ஒருதரம் குப்புறப் படுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. நான் எதையும் படிப்பதில்லை. கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அலெக்சாந்திரியாவில் டிராம் சத்தத்தைவிட முத்திரை குத்தும் சத்தம் அதிகமாகக் கேட்கிற தெரு எங்களுடையது. கண் சும்மா இருந்தாலும் காது சும்மா இருக்காது.

கவ்ஸர் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. முப்பத்தாறு வயது. அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினான்கு வருஷமாக நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்களை இயந்திரத்தோடு இணைத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவித் திரும்ப உள்ளே அனுப்புகிற வேலை. அவள் ஊசி குத்தினால் நோயாளி பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தமாட்டார் என்று அங்கே ஒரு பெயர் உண்டு. பிரிவின் தலைவி குவைத்துக்குப் போய் ஏழெட்டு மாதமாகிறது. அந்த இடம் கவ்ஸருக்குத்தான் என்று இயக்குநர் வாயால் சொல்லியாயிற்று. காகிதத்தால் சொல்ல ஒரு பட்டயம் வேண்டும். அதற்காகத்தான் மாலை வகுப்பு. எல்லாப் பாடமும் தேறி ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. பாய்மம், வேதியியல், உடலியல் மூன்றையும் ஒரே வினாத்தாளில் போட்டுக் கிண்டிய கணக்குப் பாடம். இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயரை வெட்டினால் பதவி இயக்குநரின் மைத்துனர் மகனுக்குப் போகும். அந்தப் பிள்ளை இரத்தத்தைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்வான். ஆனால் அவனிடம் பட்டயம் இருக்கிறது.

பிப்ரவரியில் அந்த மூன்றாவது தடவையின் முடிவை ஒட்டினார்கள். தேற அறுபது வேண்டும். கவ்ஸருக்கு ஐம்பத்துநான்கு.

அவள் அழவில்லை. நேராகக் கடைக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். விதிப்படி மாதிரி விடையை மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி மாட்டுவார்கள். கண்ணாடி வழியாக அதைப் படம் பிடித்திருந்தாள். வேதியியலில் தவறு தன்னுடையதுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். இரத்தத்தின் காரத்தன்மைக் கணக்கில் வரும் மடக்கைக்கும் அவளுக்கும் என்றைக்கும் ஆகாது. இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்ற உடலியல் கணக்கில் முழு மதிப்பெண். அவளை உறுத்தியது முதல் கேள்வி, எட்டு மதிப்பெண். ஒரு மெல்லிய குழாயில் திரவம் ஓடுகிறது. அழுத்தமும் நீளமும் மாறவில்லை. உட்புற ஆரம் பாதியானால் ஓட்டம் எத்தனை பங்காகும்? கவ்ஸர் பதினாறில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தாள். மாதிரி விடை நான்கில் ஒரு பங்கு என்றது. பூஜ்யம்.

எனக்குக் கணக்கு வராது என்றேன். பக்கத்துக் கரும்புச்சாற்றுக் கடையிலிருந்து ஒரு பருத்த உறிஞ்சு குழலும், மருந்துக் கடையில் கொடுக்கும் ஒரு ஒல்லிக் குழலும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். என் மகன் பெயரால் தெருவுக்கே நான் உம்மு ஸாமிஹ், ஸாமிஹின் அம்மா; அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“ஆரம் பாதியானா வாய் நாலுல ஒண்ணாகுது. அதுவரைக்கும் அவங்க சொல்றது சரி. ஆனா ஒல்லிக் குழாயில சுவர் கிட்டத்துல இருக்கு, உம்மு ஸாமிஹ். அதுவே திரவத்தைப் பிடிச்சு இழுக்கும். அதனால வேகமும் நாலுல ஒண்ணாயிரும். நாநாலு பதினாறு. இதை நான் புத்தகத்துல கத்துக்கல. சின்ன ஊசியைப் போட்டா மெஷின் கத்துற கத்துல கத்துக்கிட்டேன்.”

மாதிரி விடையின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது 1987இல் பிறந்தது. அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த டாக்டர் பர்கூக்கி எழுதினார். மூன்று பேர் கையெழுத்திட்டு, உறையிலிட்டு, சிவப்பு அரக்கு வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். தேர்வு முடிந்ததும் உறையைத் திறப்பார்கள். திருத்தி, மூன்று நாள் பெட்டியில் மாட்டி முடிந்ததும் மறுபடி அரக்கு. அந்த மூன்று நாள் தவிர விடை ரகசியம் என்பதால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்காத விடையை மாற்ற முடியாது. விடையை மாற்றாதபோது கேள்வியை மட்டும் மாற்றினால் அநியாயம். ஆகவே முப்பத்தெட்டு வருஷமாக அதே குழாய், அதே பாதி. திருத்துகிற இளம் உதவியாளர்களும் கணக்கைப் பார்ப்பதில்லை. விடைத்தாளையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் எட்டு, இல்லையென்றால் பூஜ்யம். கல்யாணத் தரகர்கூட இதைவிட நாலு கேள்வி கேட்பார்.

அந்த மகா ரகசியத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் “வெற்றிக் குறிப்புகள்” என்ற பெயரில் நானே பிரதியெடுத்து விற்கிறேன். கவ்ஸருக்கும் ஒன்று கொடுத்தேன். அவள் அதைப் படித்தாள், இது தப்பாயிற்றே என்றாள், தேர்வில் உட்கார்ந்து கணக்கைத் தானே போட்டாள். கணக்குக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை எழுதிய முதல் ஆள், அந்தக் கல்லூரியின் வரலாற்றில், அவளாகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாள் மாணவர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மதாம் இஜ்லால். கெட்டவர் என்று சொல்லமுடியாது. இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலி அவரைப் பார்த்துக்கொள்கிறது. நடந்ததை மதாமே சாயங்காலம் என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னார்.

“என்ன குறை?” என்று கேட்டிருக்கிறார்.

“என் விடை சரி மதாம். மாதிரி விடை தப்பு.”

“அதுக்குப் படிவம் கிடையாதும்மா. கூட்டல் தப்புன்னா படிவம் இருக்கு.”

“கூட்டல்ல தப்பில்லையே.”

“அப்போ குறையே இல்லையே. எதுக்கு வந்த?”

விதி அப்படித்தான். மாணவர் முறையிட்டால் மதிப்பெண்களை மறுபடி கூட்டிப் பார்க்கலாம். விடையை மறுபடி படிக்கக் கூடாது. படித்தால், முதல் தடவை படிக்கவில்லை என்ற சந்தேகம் வரும். கடைசியில் மதாம் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். கூட்டல் தப்பு என்றே எழுதிக் கொடு, காகிதம் உள்ளே போனால் யாராவது ஒருத்தர் கண்ணிலாவது படும் என்றார். கவ்ஸர் எழுதிக் கொடுத்தாள். என்னிடம் மூன்று பிரதி.

மூன்று பேர் கொண்ட கூட்டல் குழு இரண்டு நாள் கூடியது. ஒருவர் மேலிருந்து கூட்டினார், ஒருவர் கீழிருந்து கூட்டினார், மூன்றாமவர் கால்குலேட்டரில் கூட்டி மற்ற இருவரையும் கண்காணித்தார். யார் கண்ணிலும் குழாய் படவில்லை. படக்கூடாது என்பதற்காக விடைகளின்மேல் அட்டை வைத்து மறைத்து, ஓரத்து எண்கள் மட்டும் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். மொத்தம் ஐம்பத்துமூன்று வந்தது.

மதாம் இஜ்லால் கவ்ஸரை அழைத்து எழுந்து நின்று கைகொடுத்தாராம். “வாழ்த்துகள்மா. உன் முறையீடு நியாயம்னு குழு ஏத்துக்கிட்டுது. கூட்டல்ல தப்பு இருந்துச்சு. ஒண்ணு கூடப் போட்டிருந்தாங்க, கழிச்சாச்சு.”

அன்றைக்குக் கவ்ஸர் கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் டிராம் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வரை ஆறு குறைச்சல். நியாயம் கிடைத்த பிறகு ஏழு.

இனி இருப்பது டாக்டர் பர்கூக்கி. இவரைத் தேடி அவள் எங்கும் போகவேண்டாம். சனி, திங்கள், புதன் மூன்று நாளும் அவரே அவளிடம் வருகிறார். நாலு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் இல்லாத மாதிரிதான். டயாலிசிஸ் பிரிவில் ஆறாம் எண் நாற்காலி அவருடையது. வேறு யாரும் அதில் உட்கார்ந்தால் அவர் எழுத்துமூலம் ஆட்சேபிப்பார். துறைத்தலைவர், பாடநூலாசிரியர், மாதிரி விடையின் தகப்பனார். அங்கே எல்லாரும் அவரைப் பாஷா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை கையை நீட்டிக்கொண்டே அவர் முறையிட்டார். திங்கட்கிழமை வேறு நர்ஸாம். வலிக்கக் கூடாது என்று மெல்லிசு ஊசியைப் போட்டுவிட்டாளாம்.

“மெஷின் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டுச்சு. நாலு மணி நேரம் உக்காந்து ஒண்ணும் கழுவல. ராத்திரி பூரா மூச்சு வாங்குச்சு. நீ பெருசு போடும்மா.”

“ஓட்டம் எவ்வளவு குறைஞ்சுது பாஷா?”

“என்னத்தக் குறைஞ்சுது. நின்னே போச்சுன்னு வச்சுக்க.”

“நாலுல ஒண்ணா, பதினாறுல ஒண்ணா?”

பாஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார். விடைத்தாளில் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். இப்போதுதான் அவருக்கு ஆள் புரிந்தது. கோபப்படவில்லை என்று கவ்ஸர் சொன்னாள். வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாராம்.

“இதோ பாரு. இது நாற்காலி, அது கல்லூரி. ரெண்டையும் கலக்கக் கூடாது. என் விடையை எழுதி இதுவரைக்கும் பதினோராயிரம் பேர் தேறியிருக்காங்க. ஆஸ்பத்திரி நடத்துறாங்க, மகன் மகளுக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க. நீ சொல்றது சரின்னா பதினோராயிரம் பேரும் தப்பு. அத்தனை பேரைத் தப்பாக்குறதைவிட உன் ஒருத்தியைத் தப்பாக்குறதுதான் சிக்கனம். இதுவும் கணக்குதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பெருசு போடு” என்றார்.

அவள் பெரியதையே போட்டாள். அவர் பேச்சு நிற்கவில்லை.

நான்தான் அவளைக் கல்லூரி முதல்வரிடம் போகச் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா? முதல்வர் டாக்டர் ஸஃப்வத் விஞ்ஞான மனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைத் தேட. கவ்ஸர் மனுவில் எழுதியிருந்தது ஒரே வரி: இரண்டு குழாயையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்தால் கால் மணி நேரத்தில் காட்டிவிடுகிறேன். முதல்வருக்கு அது பிடித்துப்போயிற்று. மார்ச்சில் கல்லூரி ஆராய்ச்சி வாரம் கொண்டாடுகிறது. அந்த வாரத்தில் செய்ய எதுவும் இல்லாமல் இருந்தது.

குழாய் வாங்க ஏழு பேர் குழு. கிடங்குப் பொறுப்பாளரிடம் ஒரே ஒரு தோட்டக் குழாய்தான் இருந்தது. பாதி அளவில் இன்னொன்று வேண்டும் என்று குழு எழுதியதும் அவர் அதைக் கத்தியால் நடுவில் வெட்டி இரண்டு துண்டாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். கடைசியில் கவ்ஸரே மருத்துவமனையில் காலாவதியாகி ஒதுக்கியிருந்த மெல்லிய குழாய்களில் இரண்டை அளந்து எடுத்து வந்தாள். இரண்டும் ஒரே நீளம், ஒன்றின் உட்புற ஆரம் மற்றதில் சரியாகப் பாதி. முதலில் குறித்த தேதியில், மார்ச்சில் எங்கள் ஊரில் வழக்கமாக அடிக்கும் ஹுசூம் புயல் வந்து முற்றம் முழுக்கக் கடல் தண்ணீர். சோதனைக்குத் தண்ணீர் அதிகம் என்று ஒத்திவைத்தார்கள்.

இரண்டாவது தேதிக்கு நிகழ்ச்சிநிரல் எண்பது பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் உள்ளே நின்றேன். கல்யாண மண்டபத்திலிருந்து தங்க முலாம் பூசிய நாற்காலிகள், பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு, தேநீர். ஓர் அலமாரிமேல் வாளி. வாளியின் அடியிலிருந்து இரண்டு குழாய், பக்கத்தில் வரிசையாகத் தேநீர்க் கண்ணாடிக் குவளைகள். முதல்வர் நாற்பது நிமிஷம் பேசினார். உண்மையைக் கண்டு இந்தக் கல்லூரி என்றைக்கும் பயந்ததில்லை, ஏனென்றால் இதுவரை இருவரும் சந்தித்ததே இல்லை என்ற பொருளில் ஏதோ வந்தது. தன்னையறியாமல் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன், யாரும் கவனிக்காமல் கைதட்டினார்கள்.

கவ்ஸர் இரண்டு குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தாள். மெல்லிய குழாய் சொட்டுச் சொட்டாக ஒரு குவளையைக் கட்டிக்கொண்டு அழுதது. பருத்த குழாய் ஒன்றை நிரப்பியது, இரண்டை நிரப்பியது, நான்கை நிரப்பியது. அவள் குவளைகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். எட்டு. பன்னிரண்டு. முன்வரிசையில் பஸ்பூஸா மெல்லும் சத்தம் நின்றது. மெல்லிய குழாயின் குவளை விளிம்பைத் தொட்டபோது இந்தப் பக்கம் பதினைந்து குவளை நிறைந்து, பதினாறாவதில் முக்கால் இருந்தது.

பிறகு டாக்டர் பர்கூக்கி கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“மாணவி சொன்னது பதினாறு. வந்தது பதினஞ்சே முக்கால். ஆக, மாணவி விடையும் தப்புன்னு நிரூபணம் ஆயிருச்சு. ரெண்டு பேரும் தப்புன்னா, ரெண்டு தப்புல மூத்ததுக்குத்தான் மரியாதை.”

“நாலு எங்கே டாக்டர்?” என்று கவ்ஸர் கேட்டாள். குரல் உயரவில்லை. கை முழுக்கத் தண்ணீர்.

“நாலாவது குவளை நிரம்புனதை நான் பாத்தேன். இங்க இருக்கிற அத்தனை பேரும் பாத்தாங்க. நாலு வந்துச்சா இல்லையா? அதுக்கப்புறமும் நீ நிறுத்தாம பிடிச்சுக்கிட்டே இருந்தா அது யார் தப்பு?”

கைதட்டல் பலமாக இருந்தது. பயந்துபோயிருந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள்.

கூட்டக் குறிப்பு மறுநாள் என் கண்ணாடியில் வந்து படுத்தது. மாதிரி விடை உறுதிசெய்யப்பட்டதாகவும், சோதனையின் பிற்பகுதியில் தண்ணீரின் நடத்தை திருப்திகரமாக இல்லை என்றும் இருந்தது. கூடவே நகராட்சிக் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: மேற்படி தேதியில் தங்களால் வழங்கப்பட்ட தண்ணீர் அங்கீகரிக்கப்பட்ட விடைக்கு மாறாக ஓடியது ஏன் என்று விளக்கம் தரவும். இதைப் படித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தி மறுபடி ஒருதரம் படித்தேன். பொய் சொல்லவில்லை, கண்ணில் இரண்டு தடவை பட்டது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. தண்ணீர் தங்கள் நிலையத்தை விட்டு முறைப்படிதான் புறப்பட்டது, மீட்டரைத் தாண்டியபின் அதன் ஒழுக்கத்துக்குச் சந்தாதாரரே பொறுப்பு. தண்ணீர் ஒழுங்காக நடந்தது என்று அவர்கள் உறுதியாகச் சொல்லாததால், குற்றச்சாட்டு மறுக்கப்படவில்லை என்று கல்லூரியில் குறித்துக் கோப்பை மூடினார்கள்.

அதற்குள் மருத்துவமனையிலிருந்து செய்தி. வியாழக்கிழமைக்குள் பட்டயம் வரவில்லையென்றால் மைத்துனர் மகனின் நியமனத்தில் கையெழுத்தாகிவிடும். அவன் ஏற்கெனவே ஒருதரம் வந்து பிரிவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நோயாளிகளுக்கு வலிக்கிறதே, எல்லாருக்கும் மெல்லிசு ஊசி போடலாமே, நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் போச்சு என்றானாம். எவ்வளவு கூட்டுவது என்று கவ்ஸர் கேட்டதற்கு, நாலு மடங்குக்கு மேல் போகாது என்று கணக்குச் சொன்னானாம். அவனும் இந்தக் கல்லூரிதான். முதல் வகுப்பு.

இனி மிச்சமிருந்தது கருணைக் குழு ஒன்றுதான். வருஷாவருஷம் கூடும். சில மதிப்பெண்ணில் தவறியவர்களுக்கு இரக்கப்பட்டுக் கைதூக்கிவிடும். இரக்கத்துக்கும் அளவு உண்டு. ஒரு கேள்விக்குரிய மதிப்பெண்ணில் ஒன்று குறைவாகத்தான் தரலாம். எட்டு மதிப்பெண் கேள்விக்கு ஏழு. கவ்ஸருக்கு வேண்டியதும் ஏழுதான். கருணை தவறு செய்தவருக்குத்தான், தவறு செய்யாதவருக்குக் கருணை காட்ட விதியில் இடமில்லை. ஆகவே ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்பிக்கொண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவ்ஸர் கடைக்கு வந்தாள். மூன்று பிரதி. “பதினாறில் ஒரு பங்கு என்ற என் விடை தவறு. நான்கில் ஒரு பங்கே சரி. இதை என் சுயபுத்தியோடும் தொழில் அனுபவத்தோடும் ஒப்புக்கொண்டு கருணை வேண்டுகிறேன்.” கையெழுத்து இடம் காலியாக இருந்தது, குழுவின் முன்னால்தான் போடவேண்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. “போடப் போறியா?” என்று கேட்டேன்.

“பிரிவுல முப்பத்திரண்டு நோயாளிங்க இருக்காங்க, உம்மு ஸாமிஹ். அவன் வந்து மெல்லிசு ஊசியைப் போட்டான்னா மூணு மாசம் தாங்குவாங்களா தெரியல.” பிரதிகளை வாங்கி விளிம்பைத் தட்டி அடுக்கினாள். “நான் கையெழுத்துப் போட்டா ஒல்லிக் குழாயில ஒரு சொட்டு அதிகமா ஓடுமா? ஓடாது. அப்போ என் கையெழுத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. போட்டுட்டுப் போறேன்.”

குழுவில் நடந்ததை மதாம் இஜ்லால் சொல்லித்தான் தெரியும், குறிப்பெடுத்தது அவர். தலைவர் டாக்டர் பர்கூக்கி. வலப்பக்கம் முதல்வர். படிவத்தைக் கவ்ஸர் உரக்கப் படிக்கவேண்டும் என்றார்கள், படித்தாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். பின்வரிசையே இல்லை, இருந்தாலும் இன்னொருதரம் படித்தாள். பிறகு ஒரு சிக்கல். படிவத்தின் கீழே “கண்ணீர்: உண்டு / இல்லை” என்று ஒரு கட்டம் இருந்தது. கவ்ஸரின் கண் உலர்ந்திருந்தது. இல்லை என்று எழுதினால் வருத்தம் உண்மையானதல்ல என்று பொருள், மனு தள்ளுபடி. காத்திருந்து பார்த்தார்கள். ஜன்னலைக்கூடச் சாத்திப் பார்த்தார்கள். கடைசியில் மதாம் இஜ்லாலே உண்டு என்பதில் குறியிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாராம். இருபத்தாறு வருஷத்தில் அந்த நாற்காலி செய்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கலாம்.

முதல்வர் ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். எட்டில் ஏன் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கவ்ஸர் கேட்டாள்.

“நல்ல கேள்வி,” என்றார் முதல்வர். “எட்டையும் குடுத்துட்டா அது பாக்குறதுக்கு நியாயம் மாதிரி இருக்கும். நியாயம்னு ஒரு தடவை குடுத்துட்டா அடுத்த வருஷம் எல்லாரும் உரிமையா வந்து கேப்பாங்க. கருணைன்னா யாரும் உரிமையா கேக்க முடியாது பாரு. இந்தக் கல்லூரி நிக்கிறதே அந்த ஒரு மதிப்பெண்ணுலதான்.”

டாக்டர் பர்கூக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுவில் கண்ணீர் விட்டவர் அவர் ஒருவர்தான். ஐம்பத்துமூன்றும் ஏழும் அறுபது என்று மூன்று பேர் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள். அறிவிப்புப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே “கருணையால்” என்று பச்சை மையில் எழுதினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பட்டயம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை கவ்ஸர் பிரிவின் தலைவி. மைத்துனர் மகனுக்கு இரத்தம் இல்லாத இடமாகப் பார்த்து, ஆவணக் காப்பகத்தில் போட்டார்கள். மெல்லிசு ஊசிகளை அவள் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். நல்லபடியாக முடிந்தது என்று நானும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் டாக்டர் பர்கூக்கியின் பாடநூல் பன்னிரண்டாம் பதிப்பு பிரதியெடுக்க வந்தது. இந்தப் பதிப்பில் புதிதாக என்ன என்று கேட்டேன். ஓர் அடிக்குறிப்பு என்றார் கொண்டுவந்த உதவியாளர். நாற்பத்தொன்றாம் பக்கம். குழாய், பாதி, நான்கில் ஒரு பங்கு. கீழே சின்ன எழுத்தில்: “இவ்விடை அண்மையில் தண்ணீரைக் கொண்டு சோதிக்கப்பட்டது. மேலும், அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவின் தலைவி கவ்ஸர் அப்துல்மவ்லா அவர்கள், தம் பதினான்காண்டுத் தொழில் அனுபவத்தின் அடிப்படையில், பதினாறில் ஒரு பங்கு என்பது தவறு, நான்கில் ஒரு பங்கே சரி எனக் கையெழுத்திட்டு உறுதிசெய்துள்ளார். அசல் கல்லூரிக் கோப்பில் உள்ளது.”

பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்து, வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாங்கிப் படித்தாள். விரலை வைத்து இன்னொருதரம் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஊசி குத்துகிறபோது அவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வார்கள்.

“எத்தனை பிரதி?” என்று கேட்டாள்.

“நானூறு.”

பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “என் பேரு சரியா இருக்கு. இந்தப் பக்கத்துல அது ஒண்ணுதான் சரி.”

நான் கீழே இறங்கி வந்து இயந்திரத்தைப் போட்டேன். நானூறும் தெளிவாக வந்தன.